நைஜர் டெல்டா: எண்ணெய் எடுத்த நிலத்தின் வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆறு கடலில் கலக்கும் முன் பல கிளைகளாகப் பிரிந்து, உப்பங்கழிகளும் அலையாத்திக் காடுகளும் நிறைந்த பெரிய ஈரநிலமாக விரிகிறது. நைஜீரிய அரசு நைஜர் டெல்டா என்று வரையறுக்கும் பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர். இஜோ, ஒகோனி, உர்ஹோபோ, இட்செகிரி, இபிபியோ என்று பல மொழி பேசும் சிறிய இனங்கள் இங்கே நெருக்கமாக வாழ்கின்றன. கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தை ஒட்டியே கழிக்கரை ஊர்களின் அன்றாடம் நடக்கும். நீர் வற்றியதும் பெண்கள் சேற்றில் இறங்கி, அலையாத்தி மரங்களின் வேர்களில் ஒட்டியிருக்கும் நத்தையையும் சிப்பியையும் பறித்துக் கூடையில் சேர்ப்பார்கள். ஆண்கள் மரத்தோணியில் வலை வீசுவார்கள். மேட்டு நிலத்தில் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் விளையும், எண்ணெய்ப் பனைகள் நிற்கும். நிலமும் கழியும் குடும்ப வழியிலும் ஊர் வழியிலும் கைமாறி வந்தன. எந்தக் கழியில் யார் மீன் பிடிக்கலாம் என்பதை ஊரே முடிவு செய்தது. பிற்காலச் சட்டங்கள் முதலில் பறித்தது இந்த முடிவெடுக்கும் உரிமையைத்தான்.

பெட்ரோலியத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே டெல்டா ஓர் எண்ணெய்க்குப் பெயர் பெற்றிருந்தது. அடிமை வணிகம் ஓய்ந்த 19ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் சோப்பு ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் பனையெண்ணெய் தேவைப்பட்டது. பானி, ஒபோபோ, பிராஸ் போன்ற துறைமுக அரசுகள் அந்த வணிகத்தில் செழித்தன. ஆங்கிலேயர் இந்தப் பகுதிக்கு ‘எண்ணெய் ஆறுகள்’ என்றே பெயரிட்டு, 1885-இல் தம் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தனர். ஒபோபோவை 1869-இல் நிறுவிய ஜாஜா, அடிமையாகத் தொடங்கி அரசரானவர். ஆங்கிலேய வணிகர்களை இடைத்தரகர் இல்லாமல் உள்நாட்டுக்குள் நுழைய அவர் விடவில்லை. 1887-இல் பேச்சுவார்த்தைக்கு என்று கப்பலுக்கு அழைக்கப்பட்ட அவர் அப்படியே நாடு கடத்தப்பட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் சிறையிருந்து, 1891-இல் தாயகம் திரும்பும் வழியில் இறந்தார். 1886-இல் அரச சாசனம் பெற்ற ராயல் நைஜர் கம்பெனி, பிராஸ் வணிகர்களை உரிமக் கட்டணத்தாலும் தீர்வையாலும் அவர்களுடைய பழைய சந்தைகளிலிருந்தே விரட்டியது. 1895 ஜனவரியில் அரசர் கோக்கோவின் வீரர்கள் அகாசாவிலிருந்த கம்பெனித் தளத்தைத் தாக்கினர். பதிலுக்கு ஆங்கிலேயக் கடற்படை நெம்பே நகரைத் தீக்கிரையாக்கியது. கம்பெனி வணிகம் செய்தது, வரி வாங்கியது, தண்டனையும் கொடுத்தது. மூன்று அதிகாரமும் ஒரே கையில் குவிந்த அந்த ஏற்பாடு, கம்பெனி ஆட்சியைப் பார்த்த இந்தியருக்குப் புதிதல்ல. டெல்டாவில் அது கம்பெனியோடு ஒழிந்துவிடவில்லை என்பதே இந்த வரலாற்றின் மையச் செய்தி.

1938-இல் ஷெல் டார்சி நிறுவனத்துக்குக் காலனி அரசு நைஜீரியா முழுவதற்குமான எண்ணெய்த் தேடல் உரிமத்தைக் கொடுத்தது. போர்க்கால இடைவெளிக்குப் பின், ஷெல்-பிபி என்ற பெயரில் தேடல் தொடர்ந்தது. 1956-இல் இஜோ மக்களின் ஒலோய்பிரி என்ற சிற்றூரில், வணிகத்துக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு எண்ணெய் கிடைத்தது. 1958-இல் முதல் கப்பல் ஏற்றுமதி நடந்தது. அதே ஆண்டில் ஒகோனி நிலத்தில் கே-டெரே ஊருக்கருகே போமு எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. விடுதலைக்கு இரண்டே ஆண்டுகள் இருந்தன.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஓர் எச்சரிக்கை எழுத்தில் பதிவானது. ஹவுசா-ஃபுலானி, யொரூபா, இக்போ ஆகிய மூன்று பெரிய இனங்கள் மூன்று மண்டலங்களை ஆளப்போகும் நாட்டில் தங்கள் நிலை என்னவாகும் என்று சிறுபான்மையினர் அஞ்சினர். அந்த அச்சத்தை ஆராய ஹென்றி வில்லிங்க் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1958-இல் வந்தது. டெல்டாவுக்கென்று தனி மாநிலம் தேவையில்லை என்றது ஆணையம். அந்தப் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை என்று ஒப்புக்கொண்டு, ஒரு வளர்ச்சி வாரியத்தைப் பரிந்துரைத்தது. வாரியம் 1961-இல் வந்தது, பெரிதாக எதையும் செய்யாமல் மறைந்தது. அதிகாரம் கேட்டவர்களுக்கு வாரியம் கொடுக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. இன்றுவரை அது நின்றபாடில்லை.

1960 அக்டோபர் 1-இல் விடுதலை பெற்ற நைஜீரியாவின் முதல் அரசமைப்பு ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. எந்த மண்டலத்தில் கனிமம் எடுக்கப்படுகிறதோ, அந்த மண்டலத்துக்கு வருவாயில் பாதி போய்ச் சேரும். அப்போது கோக்கோ, நிலக்கடலை, பனையெண்ணெய் விற்ற பணம்தான் பெரிது. தத்தம் விளைச்சலின் பலனைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் பெரிய இனங்களுக்கும் அக்கறை இருந்தது. பாறை எண்ணெய் அவற்றை எல்லாம் மிஞ்சியபோது இந்த நியாயம் மாறியது. 1970-இல் பாதி 45 விழுக்காடானது. 1975-இல் அது 20-க்கு இறங்கியது. 1980களில் ஒன்றரை விழுக்காட்டைத் தொட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் நைஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் டெல்டாவிலிருந்து வந்தது.

சரிவு படிப்படியாக நடந்தாலும் அதற்கு அடித்தளமிட்டது போர். 1966 பிப்ரவரியில், முதல் ராணுவப் புரட்சிக்குச் சில வாரங்கள் கழித்து, ஐசக் அடாக்கா போரோ என்ற இஜோ இளைஞர் நைஜர் டெல்டா குடியரசை அறிவித்தார். அது 12 நாள் நீடித்தது. 1967 மே மாதத்தில் கிழக்கு மண்டலம் பியாஃப்ரா என்ற பெயரில் பிரிந்துபோனது. 1970 ஜனவரி வரை நடந்த உள்நாட்டுப் போரில் டெல்டாவின் எண்ணெய் வயல்களே இரு தரப்புக்கும் உயிர்நாடி. போர் நடந்துகொண்டிருந்த 1969-இல் ராணுவ அரசு பெட்ரோலிய ஆணையைப் பிறப்பித்து, நாட்டின் எண்ணெய் முழுவதையும் கூட்டரசின் உடைமையாக்கியது. 1978-இல் வந்த நிலப் பயன்பாட்டு ஆணை, மாநிலத்தின் நிலம் அனைத்தையும் ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. அதன்பின் எண்ணெய்க்காக நிலம் எடுத்தால், அதில் நின்ற பயிருக்கும் கட்டிய கட்டடத்துக்கும் இழப்பீடு உண்டு, நிலத்துக்கு இல்லை. பரம்பரையாக ஊரே ஆண்ட நிலத்தைப் பற்றிப் பேச ஊருக்கு இருந்த சட்டத் தகுதி இரண்டு ஆணைகளில் போய்விட்டது. நாடாளுமன்றம் இல்லாத காலத்தில், யாருடைய வாக்கும் கேட்காமல் இது நடந்தது.

அரசு எண்ணெய்க்கு உடைமையாளர் ஆனதோடு நிற்கவில்லை, கூட்டாளியும் ஆனது. 1970களில் அரசு எண்ணெய் நிறுவனம் வெளிநாட்டு நிறுவனங்களின் நைஜீரியத் தொழிலில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. பின்னாளில் நிலைபெற்ற கணக்கின்படி, ஷெல் நடத்திய கூட்டுத் தொழிலில் அரசுக்கு 55, ஷெல்லுக்கு 30, இரு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு. குழாயைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்க வேண்டியதும் அரசு, குழாய் கசிந்தால் விசாரிக்க வேண்டியதும் அரசு, உற்பத்தி ஒரு நாள் நின்றால் வருவாய் இழப்பதும் அரசு. வளர்ச்சிக்கும் சூழலுக்கும் இடையே சமநிலை காண ஒரு நடுவர் வேண்டும். டெல்டாவில் அந்த நடுவர் ஒரு தரப்பின் பங்குதாரர்.

எரிவாயு விஷயம் இதைத் தெளிவாகக் காட்டும். கச்சா எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் வாயுவைப் பிரித்து விற்கலாம், மீண்டும் பூமிக்குள் செலுத்தலாம். இரண்டுக்கும் செலவு அதிகம் என்பதால், டெல்டாவில் அதைக் கொளுத்திவிட்டார்கள். ஊருக்கு அருகே, சில இடங்களில் தரையை ஒட்டியே, இரவும் பகலும் தீ எரிந்தது. இரவே இல்லாத ஊர்கள் உருவாயின. அந்த வெக்கையில் பெண்கள் மரவள்ளி மாவை உலர்த்தினார்கள். கூரைத் தகரம் சீக்கிரம் துருப்பிடித்தது. 1979-இல் வந்த சட்டம், 1984 ஜனவரி 1-க்குப் பின் அமைச்சரின் அனுமதியில்லாமல் வாயுவைக் கொளுத்தக் கூடாது என்றது. அனுமதி கிடைத்தது. அனுமதியில்லாத இடத்துக்கு 1985-இல் வைத்த அபராதம் ஆயிரம் கன அடிக்கு 2 கோபோ. நைராவில் நூறில் இரண்டு பங்கு. இந்த அபராதத்தைக் கட்டிவிட்டுக் கொளுத்துவது எந்த நிறுவனத்துக்கும் மலிவு. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

எண்ணெய்க் கசிவின் கதை இன்னும் நுணுக்கமானது. குழாய் உடைந்தால் நிறுவனத்தார், அரசின் கண்காணிப்பு அதிகாரிகள், ஊர்ப் பிரதிநிதிகள் ஆகியோர் சேர்ந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும். குழாயைத் தோண்டி எடுத்துப் பார்த்து, காரணம், கசிந்த அளவு, பாதித்த பரப்பு மூன்றையும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அந்தப் படிவத்தில் காரணம் என்ற கட்டம்தான் எல்லாம். குழாய் துருப்பிடித்து உடைந்தது என்று எழுதினால் இழப்பீடு உண்டு. வேண்டுமென்றே உடைத்தது என்று எழுதினால் கிடையாது. அங்கே போகப் படகு நிறுவனத்துடையது, தோண்டும் ஆட்கள் நிறுவனத்தார், துளையைப் பார்த்து இது துருவா துரப்பணமா என்று சொல்லத் தெரிந்தவரும் நிறுவனத்தின் பொறியாளர். அதிகாரிகளிடம் பல சமயம் சொந்த வண்டிகூட இருப்பதில்லை. ஊர்ப் பிரதிநிதி கையெழுத்திட மறுத்தால் கசிவை அடைப்பது தள்ளிப்போகலாம் என்ற அச்சம் வேறு. குழாயை உடைத்து எண்ணெய் திருடும் கும்பல்கள் உண்மையில் உண்டு. பின்னாளில் அவை பெருகிக் கழிகளைத் தாமும் கெடுத்தன. அதனாலேயே அந்தக் கட்டத்தில் எழுதப்படும் சொல்லை ஊரார் நம்ப முடியாமல் போனது பெரிய இழப்பு.

1990-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அக்டோபர் இறுதியில் எட்சே பகுதியின் உமுயெசெம் ஊரில், ஷெல் நிலையத்தின் முன் இளைஞர்கள் போராடினர். நிறுவனம் பாதுகாப்புக் கேட்டதன் பேரில் நடமாடும் காவல் படை வந்தது. ஏறத்தாழ 80 பேர் கொல்லப்பட்டனர், 495 வீடுகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. பின்னர் அமைந்த நீதி விசாரணை காவல் படையையே குற்றம் சாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒகோனித் தலைவர்கள் ஓர் உரிமை அறிக்கையில் கையெழுத்திட்டு அரசுக்கு அனுப்பியிருந்தனர். ஒகோனி நிலம் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். அப்போதைய மக்கள்தொகை 5 லட்சம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் எடுத்தும் குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, கூட்டரசின் நிறுவனங்களில் இடமில்லை என்றது அறிக்கை. நாட்டுக்குள்ளேயே அரசியல் தன்னாட்சி, தங்கள் வளத்தில் நியாயமான பங்கு, தங்கள் சூழலைக் காக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டது. உரிமையும் வளர்ச்சியும் சூழலும் ஒரே கோரிக்கையின் மூன்று முகங்கள் என்பது அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. உலக மேடைகளில் இதைப் பெரிய தத்துவமாக விவாதித்த காலம் அது. ஒகோனித் தலைவர்கள் அதைச் சில பக்கங்களில் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கோரிக்கைகளை முன்வைத்த ஒகோனி இயக்கத்தின் முகமானவர் கென் சரோ-விவா. நாவலாசிரியர், நாடெங்கும் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரை எழுதியவர். 1993 ஜனவரி 4-இல் ஏறத்தாழ 3 லட்சம் ஒகோனி மக்கள் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டிலேயே ஷெல் ஒகோனி நிலத்தில் உற்பத்தியை நிறுத்தியது. அதே 1993-இல் நைஜீரிய மக்களாட்சிக்கும் ஒரு வாய்ப்பு வந்து கைநழுவியது. ஜூன் 12-இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல் நேர்மையானது என்று பரவலாக ஏற்கப்பட்டும், ராணுவ அரசு அதை ரத்துசெய்தது. நவம்பரில் சானி அபாச்சா ஆட்சியைப் பிடித்தார். 1994 மே 21-இல் இயக்கத்தோடு மாறுபட்ட நான்கு ஒகோனித் தலைவர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டனர். அந்தக் கொலை கொடுமையானது, ஒகோனிச் சமூகத்தை உள்ளுக்குள் பிளந்தது. சம்பவ இடத்தில் இல்லாத சரோ-விவா மீதும் பிறர் மீதும் தூண்டிவிட்டதாகக் குற்றம் சுமத்தப்பட்டது. மேல்முறையீடே இல்லாத சிறப்புத் தீர்ப்பாயம் விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டோரின் வழக்கறிஞர்கள் இது நீதியல்ல என்று விலகினார்கள். 1995 நவம்பர் 10-இல் சரோ-விவா உட்பட ஒன்பது பேர் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போது நியூசிலாந்தில் கூடியிருந்த காமன்வெல்த் மாநாடு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது.

1998-இல் அபாச்சா இறந்தார். 1999 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பதவியேற்றது. மக்களாட்சி வந்தால் டெல்டாவின் குறை தீரும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கும் இருந்தது. ஆனால் அந்தப் புதிய அரசமைப்பையே ராணுவ அரசு ஓர் ஆணையாகத்தான் வெளியிட்டது, மக்கள் வாக்கெடுப்பு நடக்கவில்லை. எண்ணெய் கூட்டரசின் உடைமை என்பதை அதன் 44ஆம் பிரிவு உறுதிசெய்தது. நிலப் பயன்பாட்டுச் சட்டத்தை எளிதில் மாற்ற முடியாதபடி அரசமைப்போடு பிணைத்தது. ராணுவம் கட்டிய வீட்டில் மக்களாட்சி குடியேறியது. எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 விழுக்காடு என்ற பங்கு மட்டும் உண்மையான முன்னேற்றம். அந்தப் பணமும் மாநில அரசுகளுக்குப் போனது, ஊர்களுக்கு வந்துசேர்ந்தது கொஞ்சம்தான்.

சூழலுக்கும் அந்த அரசமைப்பில் இடம் உண்டு. நீர், காற்று, நிலம் ஆகியவற்றை அரசு காக்க வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. அது நெறிமுறைக் கோட்பாடுகள் என்ற இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இந்திய அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளை முன்மாதிரியாகக் கொண்டு 1979-இல் நைஜீரியா எழுதிக்கொண்ட அத்தியாயம் அது. அந்த நெறிகளை வைத்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. இந்தியாவிலும் அதே தடைதான். ஆனாலும் இந்திய உச்ச நீதிமன்றம் வாழ்வுரிமைக்குள் நல்ல சூழலையும் சேர்த்துப் பொருள் கொண்டது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1996-இல் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் வந்த தீர்ப்பு அந்த வழியில் எழுந்தது. நைஜீரிய நீதிமன்றங்களில் அந்தக் கதவு திறக்க நெடுங்காலம் ஆனது.

புதிய அரசு எப்படி நடக்கும் என்பது ஆறே மாதத்தில் தெரிந்தது. பயெல்சா மாநிலத்தின் ஓடி நகரில் ஒரு கும்பல் காவலர்களைக் கொன்றது. 1999 நவம்பரில் ராணுவம் அந்த ஊருக்குள் நுழைந்து, சில கட்டடங்கள் தவிர ஊரையே அழித்தது. படையை அனுப்பிய குடியரசுத் தலைவர் ஒலுசெகுன் ஒபசான்ஜோ. 1978-இல் நிலப் பயன்பாட்டு ஆணை வந்தபோது ராணுவ ஆட்சித் தலைவராக இருந்தவரும் அவரே. 2013-இல் ஒரு கூட்டரசு நீதிமன்றம் ஓடி மக்களுக்கு 3,760 கோடி நைரா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தேர்தல் மக்களாட்சியின் முதல் படி மட்டுமே என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

நீதி தேடியவர்கள் நாட்டுக்கு வெளியே போனார்கள். 1981-இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தனிமனித உரிமைகளோடு, மக்கள் கூட்டத்தின் உரிமைகளையும் அது சொல்கிறது. தம் இயற்கை வளத்தை அனுபவிக்கும் உரிமை 21ஆம் பிரிவிலும், வளர்ச்சிக்கான உரிமை 22ஆம் பிரிவிலும், தம் வளர்ச்சிக்கு ஏற்ற நல்ல சூழலுக்கான உரிமை 24ஆம் பிரிவிலும் இருக்கின்றன. ஒகோனி மக்கள் சார்பில் 1996-இல் போன மனுவின் மீது ஆப்பிரிக்க ஆணையம் 2001 அக்டோபரில் முடிவு சொன்னது. எண்ணெய் எடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதை ஆணையம் மறுக்கவில்லை. எடுக்கும் முன் சூழல் பாதிப்பை ஆராய வேண்டும், பாதிக்கப்படுவோருக்குத் தகவல் தர வேண்டும், முடிவில் அவர்களுக்குப் பங்கு வேண்டும், தனியார் செய்யும் கேட்டிலிருந்து குடிமக்களைக் காப்பதும் அரசின் கடமை என்றது. உரிமை, வளர்ச்சி, சூழல் மூன்றையும் எப்படிச் சேர்த்து நிறுத்துவது என்று கேட்போருக்கு இன்றும் காட்டத் தக்க முடிவு அது. அதைக் கட்டாயமாக நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் ஆணையத்துக்கு இல்லை.

2005 நவம்பரில் உள்நாட்டிலும் ஒரு கதவு திறந்தது. இவெரெக்கான் ஊரார் தொடுத்த வழக்கில் பெனின் நகரின் கூட்டரசு உயர் நீதிமன்றம், எரிவாயுவைக் கொளுத்துவது வாழ்வுரிமையையும் மனித மாண்பையும் மீறுகிறது என்று தீர்ப்பளித்து, நிறுத்த உத்தரவிட்டது. தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. இதற்குள் டெல்டாவின் இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஆயுதம் ஏந்திவிட்டனர். 1998 டிசம்பரில் இஜோ இளைஞர்கள் கையாமா நகரில் வெளியிட்ட அறிக்கை அமைதி வழியையே பேசியது. அதற்கும் பதிலாகப் படை வந்தது. 2006 முதல் குழாய்கள் தகர்க்கப்பட்டன, ஊழியர்கள் கடத்தப்பட்டனர். 2009-இல் அரசு பொதுமன்னிப்பு அறிவித்து, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தது. குழாய்கள் ஓரளவு அமைதியாயின. துப்பாக்கி ஏந்தாமல் மனு எழுதிக்கொண்டிருந்த ஊர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

2000-இல் அமைந்த நைஜர் டெல்டா வளர்ச்சி ஆணையமும் பழைய வாரியங்களின் வழியிலேயே சென்றது. 2001 முதல் 2019 வரை அதற்கு ஏறத்தாழ 6 லட்சம் கோடி நைரா போனது என்றும், 13,777 பணிகளின் நிறைவேற்றம் பெருமளவு பழுதுபட்டது என்றும் அரசின் தணிக்கையே சொன்னது.

போடோ கசிவு இந்த வரலாற்றை ஒரே ஊரில் காட்டுகிறது. ஒகோனி நிலத்தில் உற்பத்தி நின்ற பிறகும், மற்ற வயல்களின் எண்ணெய் அதன் வழியே குழாயில் போய்க்கொண்டிருந்தது. 2008-இல் போடோ ஊருக்கருகே அந்தக் குழாய் இரண்டு முறை உடைந்தது. முதல் கசிவு ஆகஸ்ட் 28-இல் தொடங்கியது என்றது ஊர். அக்டோபர் 5 என்றது நிறுவனம். நவம்பர் 7-இல்தான் அது அடைக்கப்பட்டது. கூட்டு விசாரணைப் படிவத்தில் எழுதப்பட்ட அளவு 1,640 பீப்பாய். காணொளியை வைத்து வெளி நிபுணர்கள் பின்னர் போட்ட கணக்கில் அது குறைந்தது 1,03,000 பீப்பாய். அலையாத்தி வேர்கள் எண்ணெயில் மூழ்கி மரங்கள் பட்டுப்போயின. வேரில் ஒட்டிய நத்தையும் சிப்பியும் அவற்றோடு போயின. உள்ளூரில் வழி இல்லாமல் ஊரார் 2011-இல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அளவைக் குறைத்துச் சொன்னதை நிறுவனம் அந்த வழக்கின்போது ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதில் 3.5 கோடி 15,600 மீனவர், உழவர்களுக்கும், 2 கோடி ஊருக்கும் போனது. நெதர்லாந்திலும் உழவர்கள் சிலர் 2008-இல் வழக்குத் தொடுத்தனர். 2021 ஜனவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷெல்லின் நைஜீரியக் கிளையைப் பொறுப்பாக்கியது. மனுதாரர்களில் சிலர் அந்தத் தீர்ப்பைக் காணாமலே இறந்துபோயினர்.

ஒகோனியில் கெட்ட நிலத்தை முறையாக அளந்த பெருமை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்கு உரியது. 200-க்கு மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து, 5,000-க்கு மேற்பட்ட மருத்துவப் பதிவுகளைப் பார்த்து, 2011 ஆகஸ்டில் அது அறிக்கை வெளியிட்டது. நிசிசியோக்கென் ஒகாலே ஊரின் கிணறுகளில் பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைவிட 900 மடங்குக்கு மேல் இருந்தது. மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய்ப் படலம் மிதந்தது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் கசிந்த எஜாமா-எபுபுவில், தூய்மைப்படுத்தியதாகச் சொன்ன பிறகும் மண்ணில் எண்ணெய் இருந்தது. நிலத்தை மீட்க 25 முதல் 30 ஆண்டு ஆகும், முதல் கட்டத்துக்கே 100 கோடி டாலர் வேண்டும் என்றது அறிக்கை. அரசையும் நிறுவனத்தையும் அது ஒருசேரக் குறை கூறியது. திருட்டு எண்ணெயைக் காய்ச்சும் கள்ள ஆலைகளால் 2007-க்குப் பின் அழிந்த காடுகளையும் மறைக்கவில்லை. தூய்மைப் பணியை அரசு 2016 ஜூனில் தொடங்கிவைத்தது. மண்ணைத் தோண்டும் வேலை 2019-இல்தான் ஆரம்பித்தது.

2021-இல் வந்த பெட்ரோலியத் தொழில் சட்டம், நிறுவனங்கள் தம் ஆண்டு இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை எண்ணெய் எடுக்கும் ஊர்களின் அறக்கட்டளைக்குத் தர வேண்டும் என்கிறது. ஊருக்கு நேரடியாகப் பணம் போக வழி செய்த அளவில் இது புதிது. ஆனால் அந்த ஊரில் நாசவேலையால் குழாய் சேதமானால், பழுதுபார்க்கும் செலவை அந்தப் பணத்தில் கழித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. காரணம் என்ற பழைய கட்டம் இப்போது ஊரின் பணப்பையையும் தீர்மானிக்கிறது.

2025 மார்ச்சில் ஷெல் தன் டெல்டா நிலப்பகுதித் தொழிலை ரெனைசான்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. பழைய மாசுக்கு இனி யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது கூர்மையானது. அந்த ஜூனில் குடியரசுத் தலைவர் போலா டினுபு, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பும் தேசிய விருதும் அறிவித்தார். குற்றம் செய்தவருக்குத்தான் மன்னிப்பு, இவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்க வேண்டும் என்று குடும்பத்தாரும் உரிமை அமைப்புகளும் கேட்டன. மன்னிப்போடு சேர்த்து, ஒகோனி நிலத்தில் எண்ணெய் உற்பத்தியை மீண்டும் தொடங்குவது பற்றிய பேச்சையும் அரசு நடத்தியது. அதே மாதத்தில் லண்டன் உயர் நீதிமன்றம், ஒகாலே, பில்லே ஊர்களின் வழக்கில் பல ஆண்டு பழைய கசிவுகளுக்கும் வழக்காடலாம் என்று கூறியது. முழு விசாரணை 2027-க்குக் குறிக்கப்பட்டது.